தையல் மெஷினுக்குத் துணை

அன்பே உருவான, அதிகாரமே குரலான மருமகளுக்கு,

நீ முதல் கப்பலில் ஊர் திரும்பி, வீட்டைச் சுத்தம் செய்துவிட்டு, "எப்ப வர்றீங்க மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நான் எப்படி வருவது? போருக்குத் தப்பி இந்த முகாமுக்கு வந்தவர்கள் ஊர் திரும்பும்போது அவர்களுடைய சாமானை நான் எடைபோடாவிட்டால் கப்பல் வெட்கத்திலேயே மூழ்கிவிடும்!

நேற்று தையற்காரம்மா மெஷினோடு வந்தார். ஆளுக்கு நாற்பது கிலோதான் அனுமதி. எடைமுள் எகிறிக் கூரையைப் பிய்த்துவிட்டது.

"மெஷினை விட்டுட்டுப் போங்கம்மா," என்றேன்.

"இது இல்லாம அங்க பிள்ளைங்களுக்கு என்னத்தப் போடுவேன்? உங்க சாமான் எவ்வளவு?"

"எனக்கேது? ரெண்டு சட்டை, ஒரு சீப்பு. சீப்புக்கும் தலையில வேலை இல்ல."

"அப்ப உங்க பங்குல என் மெஷினை ஏத்துங்க. நீங்களும் ஏறுங்க. எல்லாரையும் அனுப்பிட்டு இங்க யாருக்குக் காவல் இருக்கப்போறீங்க?"

வரிசையே சிரித்தது. மூவுலகிலும் எவருக்கும் அடங்காத நான், கப்பல் பட்டியலில் என் பெயரையும் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்து இறங்குவேன். மேளதாளம் வேண்டாம், தள்ளுவண்டி போதும். மெஷின் செம கனம். அத்தையின் அறையை மட்டும் திறந்துவிடாதே. அவள் இல்லாத அந்த அறைக்குள் முதலில் நான் போகிறேன்.

மெஷினின் மெய்க்காவலன்,
உன் மாமா