சிக்னேயின் பாம்புக்குட்டி

தோர்கில்,

ஓர்ஹூஸ் ரயிலைப் பிடிக்க ஓடுகிறேன். இன்றிரவு சிக்னேயோடு ஆஸ்பத்திரியில்தான் தங்குவேன். ரை ரொட்டியும் மீனும் ஃப்ரிட்ஜில் இருக்கின்றன.

அவளுடைய பாம்புக்குட்டியை நான் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை. "கடிக்கிற சனியன் இந்த வீட்டுல இருக்கக் கூடாது" என்று நேற்று கத்தினாயே, அதன் கண்ணைப் பார்த்தாயா? பால் படிந்தது போல வெளுத்திருக்கிறது. தோல் உரிக்கப் போகிறது. பார்வை மங்கிய நேரத்தில், வருவது உன் கையா கழுகா என்று அதற்கு எப்படித் தெரியும்?

அதைத் தூக்காதே, இரையும் போடாதே. பெட்டியிலுள்ள பாசியை மட்டும் ஈரமாக வை. கண் தெளிந்து சில நாளில் தோல் தானாகக் கழன்றுவிடும். உதவுகிறேன் என்று பிய்த்துவிடாதே. உரிந்த தோலைப் பத்திரமாக எடுத்து வை. கண்ணை மூடியிருந்த சவ்வும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று தன் கண் ஆபரேஷன் முடிந்ததும் அவளே பார்க்க வேண்டுமாம்.

கெர்டா

மறந்துவிட்டேன். "அப்பா அதத் தொட்டாச்சும் பாத்தாரா?" என்று ஃபோனில் கேட்டாள். "தினமும் கையில வச்சுக் கொஞ்சுறாரு" என்று சொல்லிவிட்டேன். நாளை வரும்போது மணிக்கட்டிலிருக்கும் பிளாஸ்திரி தெரியாமல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா.