பூட்டிக் கிடந்த பத்தாவது இயந்திரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாளா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் டயாலிசிஸ் பிரிவில் பத்து இயந்திரங்கள். ஒன்பதுக்கு எப்போதும் வரிசை நிற்கும். பத்தாவது, பெரிய மனிதர்கள் யாராவது வந்தால் வேண்டுமென்று தனியறையில் பூட்டிக் கிடக்கும். செவ்வாய்க்கிழமை காலை ஒரு வெல்டர் வந்தார், என்னைப் போலவே பிழைக்க வந்தவர். கால் வீங்கி, மூச்சு வாங்கியது. காப்பீட்டு அட்டை இல்லையென்று ஏற்கெனவே இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"எல்லாருக்கும் குடுக்க இடம் எங்கம்மா இருக்கு?" என்றார் எங்கள் பிரிவு மேலாளர்.

"அந்த ரூம்ல இருக்கு சார்."

பணியிலிருந்த டாக்டர் டயாலிசிஸ் சீட்டில் கையெழுத்துப் போட்டார். சாவி என்னிடம்தான் இருந்தது. திறந்தேன்.

"வேலை போயிடும், யோசிச்சுக்கோ" என்றார் மேலாளர்.

"யோசிச்சிட்டுத்தான் தொறந்தேன் சார்."

வெல்டரை இயந்திரத்தில் இணைத்தேன். நாலு மணி நேரம் நான் அங்கிருந்து நகரவில்லை. முடிந்ததும் அவர் தானே நடந்து வெளியே போனார்.

மறுநாள் விளக்கம் கேட்டார்கள். 'தெரிந்தே செய்தேன், இனியும் செய்வேன்' என்று எழுதிக் கொடுத்தேன். என்னைச் சலவைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் பிரிவில் மீதியிருந்த பதினொரு நர்சுகளும் அதே வரியை எழுதிக் கையெழுத்திட்டு மேலாளர் மேசையில் வைத்துவிட்டார்கள். அந்த அறையை அதற்குப் பிறகு யாரும் பூட்டவில்லை.

அடங்கிப் போ என்று மட்டும் எழுதாதீர்கள் அப்பா. அம்மாவை போனில் பேசவைத்துப் பதிவு செய்து அனுப்புங்கள். திட்டினாலும் பரவாயில்லை, இங்கே என்னைத் திட்டக்கூட ஆளில்லை. சலவைச் சோப்பு கையைப் பொசுக்குகிறது, ரப்பர் கையுறை இரண்டு ஜோடி வேண்டும்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் அடங்காப்பிடாரி