மோட்டார் நின்றால் நிற்கும் ஓடை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், உன் அம்மாவின் இடுப்பும் நலம், அதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ போனில் வரைபடம் பார்த்துக் கண்டுபிடித்துச் சொன்ன பூங்கா எப்படி இருக்கிறது என்று கேட்டாய், அதற்குப் பதில் போனில் அடங்காது, அதனால்தான் இந்தக் கடிதம்.

பூங்காவாம். நாலு தெரு தள்ளிக் கொஞ்சம் மரங்களை வேலி போட்டு அடைத்து, உள்ளே மூன்று நடைபாதை பிரித்து, யாரும் வழி தவறாமல் இருக்கச் சிவப்பு மஞ்சள் நீலம் என்று மரத்துக்கு மரம் பொட்டு வைத்திருக்கிறார்கள். இருமினால் வாசல் காவலாளிக்குக் கேட்கும் காட்டில் யார் வழி தவறப்போகிறார்களோ தெரியவில்லை. ஒருவன் மலையேறப் போகிறவன் மாதிரி இரண்டு கைத்தடி ஊன்றிக்கொண்டு சமதரையில் போகிறான். ஒரு அம்மாள் தினமும் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள், எறும்பு கடிக்கும்வரை. இவர்களுக்கெல்லாம் ஒரு தலைவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், நான் வைத்த பெயர் ஊற்றுக்கண். நடுவில் ஓடும் ஓடையைக் காட்டி, இது பாறைக்கடியில் சுரக்கிற ஆதி ஊற்று, கோடையிலும் வற்றாது, காலையில் ஓடிவிட்டுப் பத்து மணிக்கு மேல் ஓய்வெடுக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார், எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

முப்பத்திரண்டு வருஷம் குடிநீர் வாரியத்தில் வால்வு திருகினவனுக்கா காது குத்துகிறார்? மூன்று மாதமாக ஒரு தூறல் கிடையாது, ஓடை மட்டும் ஆறு மணிக்குப் பெருகிப் பத்து மணிக்கு நிற்கிறது என்றால் அது மேட்டுத்தெருத் தொட்டிக்கு மோட்டார் ஓடுகிற நேரம். கையில் அள்ளி மோந்து பார்த்தேன், குழாய்த் தண்ணீரின் குளோரின் வாடை. குடையின் நுனியை மண்ணில் ஊன்றிப் பிடியில் காதை வைத்தேன், வேலையில் கசிவு கண்டுபிடிக்க இரும்புக் கம்பி வைத்துக் கேட்போமே அப்படி, உள்ளே பெரிய குழாயின் இணைப்பு உஸ்ஸென்று பீய்ச்சிக்கொண்டிருந்தது. ஊற்றுக்கண் பின்னால் வந்து நின்று, பூமியோட மூச்சக் கேக்கறீங்களா சார் என்றார். ஆமா சார், ரொம்ப மூச்சு வாங்குது என்றேன்.

அன்றைக்கே புகார் எழுதியிருக்க வேண்டும். மேட்டுத்தெருவில் குழாயடியில் குடத்தோடு காத்து நிற்கிறார்கள், அவர்கள் தண்ணீர்தான் இங்கே ஓடையாகப் போகிறது. ஆனாலும் பதினோரு நாள் எழுதவில்லை. காரணம் உன் அம்மா. குளியலறையில் விழுந்து இடுப்பில் அறுவைசிகிச்சை ஆன பிறகு எட்டு மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை, எலும்பு சேர்ந்துவிட்டது, நடக்காவிட்டால் கால் முடங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியும் பயம் போகவில்லை என்பது உனக்கே தெரியும். நீ சொன்னாயே என்று ஒரு நாள் வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போனேன், ஓடைக்கரை பெஞ்சில் உட்கார்ந்தாள், மறுநாள் அவளே கிளம்பினாள், இப்போது கைத்தடியோடு நாலு தெருவும் நடக்கிறாள். ஓடை நின்றால் இவளும் நின்றுவிடுவாளே என்று, ஒரு சொட்டு வீணாக விடாத நான் திருடனைப் போல வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஊற்றுக்கண் தெரியாமல் உளறினார், தெரிந்தும் பேசாமலிருந்த நான் அவரைவிட மட்டம்.

பன்னிரண்டாம் நாள் தாங்காமல் அவளிடம் சொல்லிவிட்டேன். முறைத்தாள். அங்க குடத்த வெச்சுக்கிட்டு நிக்கறாங்களே, இன்னும் எழுதாம என்ன பண்றீங்க என்றாள். எழுதினேன், ஆட்கள் வந்து தோண்டி இரண்டே நாளில் அடைத்துவிட்டார்கள். ஓடையில் கூழாங்கல்லும் பிளாஸ்டிக் பையும்தான் மிச்சம். ஊற்றுக்கண் கூட்டம் போட்டு, ஊற்று கோபித்துக்கொண்டதற்கு நாயைக் கூட்டிவருகிறவர்களே காரணம் என்று தீர்மானம் நிறைவேற்றினார், எல்லாரும் கை தூக்கினார்கள்.

மறுநாள் காலை நான் பேப்பரோடு உட்கார்ந்துவிட்டேன், இவள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். அங்கதான் தண்ணி இல்லையே என்றேன். தண்ணியப் பாக்கவா வந்தேன், வீட்ல வாயே தொறக்க மாட்டீங்க, அங்க உக்காந்து போறவங்க வர்றவங்க எல்லாரையும் நீங்க திட்டறதக் கேட்டாத்தான் எனக்குச் சிரிப்பு வருது, சிரிச்சா வலி தெரியல என்றாள். இத்தனை நாளும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் குலுங்கிக்கொண்டிருந்ததை நான் இருமல் என்று நினைத்து மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன் மகளே.

உன் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றாயே, கிண்ணம் வைத்துப் பிடிப்பது வைத்தியமல்ல, வாஷரை மாற்று, மாப்பிள்ளைக்காகக் காத்திருக்காதே. மூன்று பேரும் குறையொன்றும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க எங்கள் இருவரின் ஆசி. இருமல் மருந்தில் பாதி பாட்டில் மிச்சமிருக்கிறது, மூச்சு வாங்கும் பூமிக்கு ஊற்றட்டும் என்று ஊற்றுக்கண்ணுக்குக் கொடுக்கச் சொல்கிறாள் உன் அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா