வாய் தவறிய மாமா

ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை செல்வம், மேகமலைக்கு ஜீப்பில் ஆட்களை அழைத்துப் போகும் கைடு. நிச்சயத்துக்கு முன் குணத்தை அறியலாம் என்று, யாரென்று சொல்லாமல் நானும் மனைவியும் சின்னமனூரில் ஜீப் ஏறினோம். தரகர் கொடுத்த போட்டோவில் நாங்கள் அவரைப் பார்த்திருக்கிறோம். அவர் எங்களைப் பார்த்ததில்லை.

"மழைக்காடு, பீச்சு, எரிமலை, மூணும் ஒரே நாள்ல!" என்றார். பீச்சு என்றது அணைக்கரை. எரிமலை என்றது ஒரு கரும்பாறை. பள்ளியில் புவியியல் நடத்தியவனுக்குப் பொறுக்கவில்லை. எரிமலை எங்கே என்று தனியே கேட்டேன்.

"இங்கன எரிமலைக்கு எங்க சார் போக? வந்தவுக யாரோ பேரு வச்சாக, நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று சிரித்தார்.

ஒப்புக்கொண்டது பிடித்தது. ஆனால் காட்டில் அட்டைப்பூச்சிக்கு உப்புப் பொட்டலம், வந்திருந்த அத்தனை பேரிலும் முதலில் என் மனைவிக்குத்தான் வந்தது. பாறையிலிருந்து இறங்கும்போது, எல்லோரையும் சார் என்றவர் என் கையைப் பிடித்து, "வழுக்கும், பாத்து வாங்க மாமா" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கணக்கில் வழி எழுதாமல் விடை மட்டும் சரியாக இருந்தால், பையன் பார்த்து எழுதினானோ என்று தோன்றும். இன்று கண்ட பணிவும் அப்படி, நாங்கள் யாரென்று தெரிந்து வந்ததுதானோ?

"மாமான்னு சும்மா வாய்ல வந்திருக்கும். எல்லாத்துக்கும் பரீட்சை வைக்காதீக" என்றாள் மனைவி.

நாளை தரகருக்குப் பதில் சொல்ல வேண்டும். மகளிடம் பஸ்ஸில் சுருளி அருவிக்குக் குளிக்கப் போவதாகத்தான் சொல்லியிருந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர் கொண்டுவந்து கேட்டாள்: "ஜீப்பு ரொம்பக் குலுக்கிருச்சாப்பா?"