சாக்கின் மேல் நம் ஊர்ப் பெயர்

இன்று காலை கோழித்தீன் கடையில் உட்கார்ந்து ஒரு சாக்கின் வாயைத் தைத்தேன். உன் ஊசியால்தான். காய்ந்த சோளத்தின் மாவு வாசம் மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் இருப்பது போலவே இருந்தது. கடைக்கார நானா கறுப்பு மையைத் தொட்டு, சாக்கின் மேல் பெரிதாகப் 'பூண்டுலோயா' என்று நம் ஊர்ப் பெயரை எழுதினார். ஊரே பார்க்கட்டும் என்று அதை வாசலில் நிறுத்தச் சொன்னேன்.

நாம் இருவரும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பரா வீடு. நான் கொழுந்து பறிக்கப் போவேன். மூட்டு தேய்ந்து மலையேற முடியாமல் போனபின் நீ இந்தக் கடைக்குச் சாக்குத் தைக்க வந்தாய். நாட்டின் சோள நிலவரம் தெரிய உனக்கு ரேடியோ தேவைப்படவில்லை, மேலே ஊர்ப் பெயர் போட்டு வரும் சாக்கு போதும். சோளக் குருத்தைத் தின்னும் சேனாப்புழு விழுந்த போகத்தில் அநுராதபுரத்துச் சாக்கும் மஹியங்கனைச் சாக்கும் குறைந்துபோயின. உரம் கிடைக்காத வருஷம் மணி சிறுத்து வந்தது. டொலருக்குத் தட்டுப்பாடு வந்தபோது வெளிநாட்டு எழுத்துப் போட்ட சாக்கையே காணோம். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து அதையெல்லாம் எனக்கு ஒப்பிப்பாய்.

"விளையிற சோளத்த மனுசனா திங்கிறான்? கோழிதான் திங்குது. சனத்துக்கு முட்ட வேணுங்கிற வரைக்கும் சோளமும் வேணும் புள்ள. கீழ நாட்டுல விளையாட்டி நாம போடுவோம்" என்பாய்.

நீ நடையாய் நடந்துதான், தேயிலை பட்டுப்போன பழைய மலையில் ஒரு துண்டைத் தோட்டத்துத் தொரை நம் லயத்துப் பெண்கள் ஆறு பேருக்குச் சோளம் போட விட்டார். இரண்டு போகம் பார்ப்பாராம், ஒன்றும் தேறாவிட்டால் காணியைத் திருப்பி எடுத்துக்கொள்வாராம். நான்கு தலைமுறையாக இந்த மண்ணில் உழைத்த நமக்கு நம்முடையது என்று சொல்ல அதுவரை ஒரு பாத்தி கூட இருந்ததில்லை.

முதல் போகத்தை நான்தான் கெடுத்தேன். ஆளுயரம் வளர்ந்த சோளத்தின் உச்சியில் பூ தலைநீட்டியதைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கும் என்று மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்து, இரண்டே நாளில் அத்தனை தலையையும் கிள்ளி முடித்தோம். கிளையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. கதிரை உரித்தால் உள்ளே மணியில்லாத வெறும் சக்கை. கடைக்குச் சாக்கு ஏற்றி வரும் மஹியங்கனை லொறிக்காரரை நீ கூட்டி வந்து காட்டினாய். அவர் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துப் புறங்கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாய்.

"இது தேயில இல்லடி. மேல இருக்க பூவுலேருந்து தூளு கொட்டி, கதிரு நூல்ல விழுந்தாத்தான் மணி புடிக்கும். இனி அந்தப் பக்கம் கையக் கொண்டு போன, வெட்டிப்புடுவேன்" என்றாய். எனக்கு அழுகை வந்தது. வலியால் இல்லை.

இரண்டாம் போகம் முழங்கால் உயரம் வந்தபோது நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனது. உன் கருமாதி முடிந்த வாரமே புழு இறங்கியது. குருத்துக் குருத்தாக ஓட்டை. "கீழ பல எடத்துல பயிரையே அழிச்சிப் போட்டுட்டாங்களாம், மருந்தும் கெடைக்கல்ல" என்றார் நானா. மற்ற நாலு பேரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். உன் மேல் கோபம் கோபமாக வந்தது எனக்கு, இந்த நேரம் பார்த்தா போவாய் என்று. பிறகு என் விரல்களைப் பார்த்தேன். செடி செடியாக, ஒரு குருத்து விடாமல் தேடி எடுக்க இதைவிட நல்ல விரல் நாட்டில் யாருக்கு இருக்கிறது?

தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கொடுக்கப் போகுமுன், விடிந்தும் விடியாத பனியில் ஐந்து பேரும் இறங்கினோம். குருத்துக்குள் இரண்டு விரலை விட்டுப் புழுவைக் கிள்ளி, சவர்க்காரத் தண்ணீர் டின்னில் போட்டோம். முட்டைக்கூட்டத்தை இலையிலேயே நசுக்கினோம். புழு தோற்றது. பூ வந்த நாட்களில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தோம், வாத்தியாரிடம் மாட்டிய பிள்ளைகள் மாதிரி. பார்த்தவர்கள் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம்.

நேற்றுத் தொரை வந்து, ஒடித்துக் காயப்போட்ட குவியலில் ஒரு கதிரை உரித்தார். நுனிவரை மணி. "காணி ஒங்க கிட்டயே இருக்கட்டும், பக்கத்துத் துண்டையும் எடுத்துக்கங்க" என்றார். ஜெயித்துவிட்டோம். இதை உன்னிடம் ஓடிவந்து சொல்ல முடியவில்லையே என்பது ஒன்றுதான் எனக்குக் குறை.

நாளைக்கு நம் சோளத்தின் மிச்சச் சாக்குகளையும் நான்தான் தைக்கப் போகிறேன். உன் ஊசி என் கையில் இருக்கிறது. நீ அடித்த அடியும் அதே கையில்தான் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு அடுத்த போகம் போடுகிறோம்.