இறந்தவர்கள்: எவருமில்லை

என் செல்லத் தம்பி குகன்,

உன் மகள் ஆர்த்தி இந்தக் கோடை விடுமுறைக்குப் பாரிஸிலிருந்து என்னிடம் வந்திருந்தாள். நீ போகும்போது அவளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. இப்போது பதினாறு. உன்னைப் போலவே வேகமாகக் கதைக்கிறாள், இடையிடையே பிரெஞ்சு வந்து விழுகிறது.

மொன்ட்ரியால்-நோரில் என் வீட்டுக் குசினி மேசையில் மடிக்கணினியை வைத்து, பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கட்டுரையை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். 2010இல் வெடித்த ஐஸ்லாந்து எரிமலையைப் பற்றியது. ஏன் அதை எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மார்ச் மாதம் மலையின் ஒரு பக்கத்தில் நிலம் பிளந்து நெருப்புக் குழம்பு பீறிட்டதாம். சனம் நடந்துபோய் வேடிக்கை பார்த்ததாம். அது அடங்கி இரண்டொரு நாளில், ஏப்ரல் நடுவில் ஒரு புதன்கிழமை, உச்சியில் பனிப்பாறைக்கு அடியிலேயே வெடித்தது. பனி உருகி வெள்ளம் இறங்க, கீழே இருந்த விவசாயிகள் வீடுகளை விட்டு ஓடினார்கள். பாலத்தைக் காப்பாற்ற வீதியை வெட்டி வெள்ளத்துக்கு வழி விட்டார்கள். கொதிக்கும் குழம்பு பனித்தண்ணீரில் பட்டுக் கண்ணாடித் தூளாக நொறுங்கி மேலே ஏறியது. பகலே இருண்டு போக, ஆடுகளையும் குதிரைகளையும் கொட்டிலுக்குள் அடைத்தார்கள். காற்று அந்தச் சாம்பலை ஐரோப்பாப் பக்கம் தள்ளியது. இயந்திரத்துக்குள் போனால் உருகி ஒட்டிவிடும் என்று, வியாழக்கிழமையிலிருந்து நாடு நாடாக விமானங்களை நிறுத்தினார்கள்.

கட்டுரையின் கடைசி வரி: “இறந்தவர்கள்: எவருமில்லை.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “எல்லா இடத்திலையும் இப்பிடித்தான் எழுதியிருக்கு மாமி. அப்பா செத்தவர் எல்லோ?”

அவளுக்கு நாங்கள் சொல்லி வளர்த்த கதை உனக்குத் தெரியாது. அப்பாவுக்கு இரத்தப் புற்றுநோய். மாமியின் எலும்பு மச்சை பொருந்தியது. வெள்ளிக்கிழமை பறக்க மாமி பெட்டியோடு நின்றா. மலை வெடித்தது, விமானம் ஓடவில்லை. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அப்படியிருந்தும் நான் ஏன் ஒவ்வொரு தடவையும் அவளுடைய முகத்தைப் பார்க்காமலே அதைச் சொன்னேன்?

“அப்பான்ரை டயறி அம்மான்ரை அலுமாரியிலை கிடந்தது,” என்றாள். “செவ்வாய், அக்கா வாறா எண்டு எழுதி வெட்டியிருக்கு. செவ்வாய்க்கிழமை பிளேன் ஓடினது மாமி.”

ஓடியதுதான். சொன்னேன், தம்பி. எல்லாவற்றையும் சொன்னேன்.

மலை வெடிப்பதற்கு முதல் நாள், அந்தச் செவ்வாய்க்கிழமைதான் நான் உன்னிடம் வர இருந்தேன். ஆனால் மறுநாள் புதன்கிழமை எனக்குப் பிரெஞ்சு வாய்மொழிச் சோதனை. இரண்டு தரம் தவறியிருந்தேன். அது இல்லாமல் கார்தெரியில் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை நிரந்தரமாகாது. வெள்ளிக்கிழமை வந்தாலும் போதும் என்று உன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நீயும் தொலைபேசியில் சிரித்தாய். “சோதனையை முடிச்சுப்போட்டு வாங்கோ அக்கா. நான் எங்கை போகப்போறன்?”

ஆனால் விமானங்கள் நின்றபோது, உன் பழைய மச்சையைக் கொல்லும் மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டிருந்தார்கள். பாதியில் நிறுத்த முடியாது. இங்கேயே என்னிடமிருந்து எடுத்து அனுப்பலாமா என்று கேட்டேன். அதைக் கொண்டுபோகவும் விமானம் இல்லை. நாளுக்கு நாலு தரம் உன் மனைவி சுமதி தொலைபேசி எடுப்பாள். “மச்சாள், காய்ச்சல் கூடுது. எப்ப வருவியள்?” நான் யன்னலால் பார்ப்பேன். மொன்ட்ரியால் வானத்தில் ஒரு துளி சாம்பல் இல்லை. நல்ல வெயில்.

அடுத்த வியாழக்கிழமைதான் வந்து இறங்கினேன். என் மச்சையை எடுத்து உனக்கு ஏற்றினார்கள். அதற்குள் உன் நெஞ்சில் கிருமி பிடித்திருந்தது. கண்ணாடிக்கு அப்பால் நீ கையை உயர்த்தப் பார்த்தாய், முடியவில்லை. என் மச்சை உனக்குள் பிடிக்குமுன் நீ போய்விட்டாய். முன்னுக்கே வந்திருந்தால் நீ தப்பியிருப்பாயா என்று வைத்தியரிடம் கேட்டேன். தெரியாது என்றார். இல்லை என்று அவர் சொல்லியிருக்கக் கூடாதா?

ஆர்த்தி கடைசிவரை கேட்டாள். அழவில்லை. “அப்ப, ஒரு சோதனைக்காண்டி,” என்றாள். மடிக்கணினியை மூடினாள். மறுநாளே பயணச்சீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். வாசலில் “மெர்சி, மாமி” என்றாள், அந்நிய வீட்டில் விருந்து சாப்பிட்டவள் சொல்வது போல.

அதன்பிறகு நான் அனுப்பிய ஒன்றையும் அவள் திறந்து பார்க்கவில்லை. “அவளைக் கொஞ்சம் விடுங்கோ மச்சாள்,” என்கிறாள் சுமதி. அவளுடைய குரலும் மாறிவிட்டது. அவளுக்கும் செவ்வாய்க்கிழமையின் கதை இப்போதுதான் முழுதாகத் தெரியும். உன்னை வைத்து எனக்கு மிஞ்சியிருந்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான்.

சோதனையில் நான் சித்தியடைந்தேன். இன்றும் அதே கார்தெரியில்தான் நிற்கிறேன். பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டிவிடும்போது, இந்த வேலைக்குத்தானே என்று ஒவ்வொரு நாளும் நினைவு வரும். வேலையை விடவும் துணிவில்லை. விட்டால் நீ வரப்போவதும் இல்லை.

மன்னிப்புக் கேட்க வரவில்லை, தம்பி. தருவதற்கு நீ இல்லை. ஒன்றை மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன்: நீ எப்படிப் போனாய் என்று இனி யார் கேட்டாலும், மலையிலிருந்து தொடங்க மாட்டேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடங்குவேன்.

உன்னோடு கூடப்பிறந்தவள்,
கலா அக்கா