நாலு மூட்டை உப்பு

பிப்ரவரி 11, செவ்வாய் காலை

அன்பு மகள் தோராவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம், அம்மாவின் வலது முழங்கால் மட்டும் பழையபடிதான், ஏப்ரலில் அறுவை சிகிச்சை என்று தேதி கொடுத்துவிட்டார்கள். அங்கே நீயும் டேனியலும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நியூசிலாந்தில் இப்போது கோடை என்பதை நம்பவே கஷ்டமாக இருக்கிறது, இங்கே இன்று காலை பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்பது. சனிக்கிழமை நடந்ததை அம்மா மறுநாளே உனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள், நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் ஓர் எண்ணைத் தவறாகச் சொன்னாள். அதைத் திருத்தாமல் விட என் மனம் ஒப்பவில்லை, முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இது ஒரு வியாதி. தவிர, கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளவும் ஆசையாக இருக்கிறது. இதற்கு முன் உனக்கு நான் அப்படி எழுதியதில்லை என்பதால் இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்.

உறைந்த ஏரியின் மேல் மீன் பிடிக்க வைத்திருந்த உன் ஸ்டெய்னி மாமாவின் மரக்குடில் போன மார்ச்சில் என்னவாயிற்று என்று உனக்குத் தெரியும். கரைக்கு இழுத்துவிடு, குடில்களை எடுக்கும் கெடு நெருங்குகிறது என்று அம்மா தினமும் சொன்னாள், அவன் இன்னும் ஒரு வாரம் மீன் கடிக்கும் என்றான், உருகிய பனி மறுபடி உறைந்து குடிலின் அடி ஒரு முழம் ஏரிக்குள் மாட்டிக்கொண்டது. ரம்பம் போட்டு அறுத்து எடுத்தபோது கையில் வந்தது கூரையும் அடுப்பும்தான். ஆக இந்தக் குளிர்காலத்தில் அம்மாவுக்கு ஏரியில் உட்கார இடமில்லை. பதினாறு வயதிலிருந்து ஐம்பத்துநாலு குளிர்காலம் ஒன்றுகூட விடாமல் பனியில் துளை போட்டவள். டிசம்பர் பிறந்ததிலிருந்து அவள் சமையலறை ஜன்னலில் பைனாகுலரை வைத்துக்கொண்டு மற்றவர்களின் கூடாரங்களைப் பார்த்தபடி காபி குடித்தாள். ஒரு நாள் காபி ஆறி ஏடு கட்டிக் கிடந்தது, அவள் கவனிக்கவே இல்லை. அன்றைக்கு நான், கூடாரம் ஒன்று வாங்கலாம், நானும் உன்னோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகம். அப்பா பனிக்கட்டியைத் தம்ளரில் மட்டும்தான் பார்ப்பார் என்று நீயே உன் தோழிகளிடம் சொல்லிச் சிரித்தவள். உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அவரவர் அப்பாவோடு ஏரிக்குப் போனபோது நீ மாமாவோடு போனாய். அதை நான் மறக்கவில்லை.

கூடாரம் தேர்ந்தெடுப்பது நான் நினைத்ததைவிடச் சிரமமாக இருந்தது. மாமா சொன்னது குடை மாதிரிப் பட்டென்று விரியும் பெரிய கூடாரம், ஆறு பேர் நிற்கலாம், எடை குறைவு, மடித்தால் ஒரு பைக்குள் அடங்கிவிடும். கடைக்காரர் காட்டியது வேறு, அடியில் சறுக்கும் தொட்டி, தொட்டிக்குள் இரண்டு இருக்கை, உட்கார்ந்தபடியே துணியைப் பின்னாலிருந்து தலைக்கு மேல் இழுத்துக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். அதிலும் அகலமானது ஒன்று, ஒடுக்கமானது ஒன்று. நான் மூன்றையும் கடை முற்றத்தில் தடித்த கையுறையோடு தனியாக விரித்து மடித்துப் பார்த்தேன், ஒவ்வொன்றையும் இரண்டு முறை. அம்மா தேவாலயம் போன நேரத்தில், அவள் கை ஊன்றாமல் எழுந்திருக்கக்கூடிய சமையலறை நாற்காலியின் உயரத்தை அளந்து வைத்துக்கொண்டேன். ஒடுக்கமான கூடாரத்தின் இருக்கையை அந்த உயரத்துக்கு ஏற்றிக்கொள்ள முடிந்தது. பிறகுதான் உப்பு மூட்டை. நடைபாதையில் தூவுகிற உப்பு, மூட்டை இருபது கிலோ. பக்கத்து வீட்டு ஓரெஸ்டிடம் அவன் விறகு இழுக்கும் சறுக்குத் தொட்டியை இரவல் வாங்கி, முதல் நாள் ஒரு மூட்டை, பிறகு இரண்டு என்று ஏற்றி, கயிற்றை இடுப்பில் கட்டிக் கொல்லையைச் சுற்றி இழுத்தேன். ஜனவரி நடுவில் ஆறு மூட்டை ஆயிற்று. ஓரெஸ்ட் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன வாத்தியாரே, குதிரை செத்துப்போச்சா?" என்றான். மறுநாள் ஒரு காரட் கொண்டுவந்து நீட்டினான். நான் வாங்கிக் கடித்துக்கொண்டே இன்னொரு சுற்றுப் போனேன்.

ஒடுக்கமானதை நான் வாங்கி வந்ததும் மாமா வாசலிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "அத்தான், இது கூடாரமா? நாய்க்கூண்டு! அக்கா ஒருபக்கம் திரும்பினா நீங்க மறுபக்கம் வெளிய விழுவீங்க." அம்மாவும் சிரித்தாள். காரணத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் அதில் காலே வைக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அன்று ராத்திரி முழுக்க, பெரியதையே வாங்கியிருக்கலாமோ என்று புரண்டுகொண்டுதான் கிடந்தேன்.

சனிக்கிழமை காலை மாமா தன் ஸ்னோமொபைல் பனிவண்டியில் அம்மாவை ஏற்றி, பின்னால் கூடாரத் தொட்டியையும் அதற்குள் என்னையும் கட்டி இழுத்துக்கொண்டு போய், மூன்று மணிக்கு வருகிறேன் என்று விட்டுவிட்டு வடக்கே போனான். பாதை தெரிவதற்காக வழி நெடுக நட்டிருந்த பழைய கிறிஸ்துமஸ் மரங்களை எண்ணிக்கொண்டே போனேன், முப்பத்தெட்டு, மரத்துக்கு மரம் ஏறக்குறைய ஐம்பது காலடி தூரம். பனி இரண்டடிக்கு மேல் தடிமன், நானே அளந்தேன். இருந்தும் அது அடிவயிற்றிலிருந்து ஒரு முறை முழங்கியபோது நான் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். "அது சும்மா பேசுது கெய்ரி, நீ பதில் சொல்லாத" என்றாள் அம்மா என் பக்கம் திரும்பி. பிறகு தூண்டிலை இறக்கினாள், தோரா, நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமாகி நாற்பத்தாறு வருடமாக இந்த முகத்தை ஸ்டெய்னி மட்டும் பார்த்திருக்கிறான், எனக்குப் பொறாமையாக இருந்தது. மதியத்துக்குள் மூன்று பிக்கரல் மீன். நாலாவது என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, முதுகு பச்சையாக மின்னியது. அதைத் துளைக்கு வெளியே இழுத்துப் போட்டதும் அவள் கொடுத்த சத்தத்தில் நான் காபியைக் கொட்டிவிட்டேன்.

ஒன்றரை மணிக்கு மாமா போன் செய்தான். வண்டியின் பெல்ட் அறுந்துவிட்டது, ஒருவருடைய குடிலில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், "நீங்க அங்கயே இருங்க அத்தான், யாரையாவது அனுப்புறேன்" என்றான். யாரை, எப்போது என்று கேட்டேன், "பார்க்கலாம் அத்தான்" என்று வைத்துவிட்டான். நாலு மணிக்குப் பனிப்புயல் என்று வானொலியில் காலையிலேயே சொல்லியிருந்தார்கள். வெளியே வந்து பார்த்தேன், காற்று வடகிழக்கிலிருந்து, அதாவது கரையைப் பார்த்து வீசியது, மரங்கள் வரிசையாகத் தெளிவாகத் தெரிந்தன, ஹீட்டருக்கு இன்னும் ஒரு மணி நேர எரிவாயு. ஏரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தவன் இருக்கச் சொல்கிறான். ஐந்து நிமிடம் நின்றேன். பிறகு உள்ளே போய், இப்போதே கிளம்புகிறோம் என்றேன். அம்மா எழுந்தாள், நாலு எட்டு வைத்தாள், ஐந்தாவதில் முழங்கால் மடங்கியது. உட்கார், இழுக்கிறேன் என்றேன். "நான் என்ன விறகா? உன் இடுப்பு ஒடிஞ்சா ரெண்டு பேரையும் யாரு இழுக்கிறது?" என்று கத்தினாள். ஒடியாது, டிசம்பரிலிருந்து உன்னைக் கொல்லையில் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். அந்த உப்பு நான்தானா என்று மெதுவாகக் கேட்டாள். கூடாரத்துக்கு இரண்டு மூட்டை, உனக்கு நாலு என்றேன். "நாலா?" என்றாள். அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. ஆனால் உட்கார்ந்துவிட்டாள், பெரிய மீனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

காலணியில் ஆணிப்பட்டை மாட்டிக்கொண்டு இழுத்தேன். அவள் முதுகில் காற்று அடிக்காமலிருக்கக் கூடாரத் துணியைப் பின்பக்கம் பாதி தூக்கி நிறுத்தியிருந்தேன், குழந்தை வண்டியின் மூடி மாதிரி. முதல் இருபது மரம் கொல்லையில் இழுத்த மாதிரியே இருந்தது, மூச்சு வாங்கியது, ஆனால் கணக்கு சரியாக இருந்தது. அதற்கப்பால் காற்று பெருக்கிய வழுவழுப்பான வெறும் பனி. அங்கேதான் என் கணக்கில் இல்லாத ஒன்று நடந்தது. துணி காற்றை வாங்கிப் பாய்மரமாகப் புடைத்தது, தொட்டி என் குதிகாலில் வந்து இடித்தது. "ஓரம் போ வாத்தியாரே!" என்று பின்னாலிருந்து சத்தம், நான் ஒதுங்கினேன், உன் அம்மா என்னைத் தாண்டிப் போனாள். நான் கயிற்றை விடவில்லை. மீதிப் பதினெட்டு மரமும் நான் பின்னாலிருந்து ஆணிகளை ஊன்றிப் பிடித்துக்கொண்டு சறுக்கினேன், அவள் முன்னால் மீனோடு உட்கார்ந்து, இடது, வலது என்று உத்தரவு போட்டாள். கரையில், துறைமுகத்தில் கார்களுக்குள் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள், ஹாரன் அடித்தார்கள், ஓரெஸ்ட் தொப்பியைக் கழற்றி வீசினான். "குதிரை பின்னால வருதே!" என்று அவன் கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. நான் கையை ஆட்டினேன், தோரா. எழுபத்துநாலு வயதில் முதல் முறையாக ஒரு கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினேன். மூன்றே முக்காலுக்கு ஏரி ஒன்றும் தெரியாமல் வெள்ளையாகிவிட்டது. மாமா மறுநாள் காலையில் யாரோ ஒருவருடைய வண்டியின் பின்சீட்டில் வந்து சேர்ந்தான். கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாய்க்கூண்டுன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் அத்தான், எனக்கும் இடம் இருக்குமா?" என்றான். இல்லை என்றாள் அம்மா.

நீ இரண்டு வீடு பார்த்து மூன்று மாதமாக முடிவெடுக்காமல் இருப்பதாக எழுதியிருந்தாய். அந்தத் தயக்கம் என்னிடமிருந்து வந்ததுதான். நல்ல மழை நாளில் இரண்டு வீட்டுக்கும் போய் மளிகைப் பையோடு படியேறிப் பார், பிறகு ஒன்றைச் சொல்லிவிடு. டேனியலை இருமலுக்கு மருத்துவரிடம் காட்டு. அடுத்த சனிக்கிழமை நாங்கள் மறுபடி ஏரிக்குப் போகிறோம், காற்று எந்தப் பக்கம் என்று அம்மா இப்போதே வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒன்றை மறந்துவிடாதே. அம்மா உன்னிடம் மூன்று மூட்டை என்று சொன்னாள், சரியான எண் நாலு. அந்த நாலிலும் சாக்கட்டியால் அவள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக் கொட்டகையில் தனியாக அடுக்கியிருந்தேன். சாட்சிக்காக நேற்று போய்ப் பார்த்தால் ஒன்றைக் காணோம். நம் வாசற்படியிலும் நடைபாதையிலும் ஓரெஸ்டின் வாசல் வரைக்கும் கணுக்கால் உயரத்துக்கு உப்பு. அந்த முழங்காலோடு எப்படிச் செய்தாளோ. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மூன்று என்றே சொல், இப்போது எண்ணிப் பார்த்தால் மூன்றுதான் இருக்கிறது.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல், எப்போதும் முதுகுப்பக்கம் காற்றோடு இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அப்பா,
ஆஸ்கெய்ர்